பொரி மேல் பாடிய பாட்டு

அத்தை,

நேற்று பாப்பாவின் பள்ளியில் விளையாட்டு விழா. நாற்காலிப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள் என்று ஒரு பவுடர் டப்பா கொடுத்திருக்கிறார்கள். ரோஸ் நிற டப்பா. அதன்மேல் வளைத்து வளைத்து ஒரு ஆங்கில வார்த்தை: என்சான்டிங். இன்று காலையில் நான் அடுப்படியில் இருந்தபோது கொண்டுவந்து நீட்டி, "அப்டின்னா இன்னாம்மா?" என்று கேட்டாள். உங்கள் மடியில் வளர்ந்த பிள்ளை. 'என்ன' என்று கேட்க அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை.

"மயக்குறதுன்னு அர்த்தம்" என்றேன்.

"பவுடரு எப்டிம்மா மயக்கும்?"

"மூக்குல ஏறினா தும்மல்தான் வரும். போய்க் குளி."

அவள் போன பிறகு மூடியைத் திருகி மோந்து பார்த்தேன். மல்லிகை மாதிரியும் இருந்தது, மல்லிகை இல்லாத மாதிரியும் இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் போனதிலிருந்து எதை மோந்தாலும் எதைச் சாப்பிட்டாலும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆபீசில் போய் உட்கார்ந்தால் விரல்கள் பாட்டுக்கு டைப் அடிக்கின்றன. சாயங்காலம் அதே பஸ், அதே கூட்டம். இதைத் துக்கம் என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. துக்கம் வந்தால் தெரியும் என்கிறார்கள். எனக்கு வந்த மாதிரித் தெரியவில்லை.

ஆனால் அந்த வார்த்தையைப் பார்த்ததும் உங்களிடம் பேசவேண்டும் போலிருந்தது. ஆவடி முழுக்கத் தேடினாலும் அந்தச் சொல்லின் பூர்வீகம் தெரிந்தவர்கள் நீங்களும் நானுமாகத்தான் இருந்திருப்போம். உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு ஒரு தைரியம். உங்கள் பக்கத்துக் கதையை நம் பருத்திப்பட்டில் கேட்காத ஆளில்லை. என் பக்கத்துக் கதையை நீங்கள் உட்கார்ந்து கேட்டதே இல்லை. இப்போது எழுந்து போகவும் உங்களால் முடியாது, கேளுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். உங்கள் மகன் அங்கே லேத்தில் டர்னர். நீங்கள் இரண்டு தெரு தள்ளி வேறொரு கம்பெனியில் போல்ட்டு நட்டு பொறுக்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தீர்கள். நாற்று நட்ட கை இப்போது நட்டு பொறுக்குகிறது என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். நான் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருகிறவள். வேதக்கார வீடு. அப்பா மாதா கோயிலில் பாடகர் குழுவில் இருந்தவர், எங்களையும் சேர்த்துவிட்டார். எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டுக்குத் தடை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோயில் பாட்டு மட்டும்தான்.

ஒரு வருஷம் ஆயுத பூஜையன்று மெஷின்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். பூஜை முடிந்ததும் யாராவது ஒரு பாட்டுப் பாடுங்கள் என்றார் மேனேஜர். ஆளாளுக்கு அடுத்தவனைக் கைகாட்டினார்கள். "டைப்பிஸ்ட் மேடம் சர்ச்சுல பாடும் சார்" என்று என்னைப் போட்டுக்கொடுத்தது வாட்ச்மேன்தான். பொரியும் கடலையும் வெல்லமும் கலந்து எல்லோருக்கும் கொடுக்கிற வேலை எனக்கு. தாம்பாளம் என் மடியில் இருந்தது. எழுந்து நின்று பாட வெட்கமாக இருந்ததால் உட்கார்ந்தபடியே, தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் ஒரு மாதா பாட்டைப் பாடினேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால், குங்குமம் வைத்த லேத்துக்குப் பக்கத்தில், மாதா பாட்டு. யாரும் தப்பாக நினைக்கவில்லை. வயதான ஃபிட்டர் ஒருவர் கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தார். பாடி முடித்துவிட்டுப் பொரி கொடுத்தேன். உங்கள் மகன் வாங்கிக்கொண்டு, மற்றவர்களைப் போல நகராமல் அங்கேயே நின்றார். நடந்தது இவ்வளவுதான்.

பிறகு அவர் ரயிலடி வரைக்கும் கூட வந்ததும், நான் வேண்டாம் என்று சொல்லாததும் உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டில் என்னைப் பற்றிச் சொன்ன அன்று, எந்த ஜாதி, எந்த ஊர் என்றெல்லாம் நீங்கள் கேட்கவில்லையாம். "உங்கையில இன்னா குடுத்தா அவ?" என்றுதான் முதலில் கேட்டீர்களாம். அவர் கபடமில்லாமல் பொரி கொடுத்தாள் என்றிருக்கிறார். குடுக்கறதுக்கு மின்னாடி இன்னா பண்ணா? பாடினாள். எத்த வெச்சிகினு பாடினா? பொரியை மடியில் வைத்துக்கொண்டு. அவ்வளவுதான், உங்களுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கம்பெனி கேட்டில் வந்து நின்றீர்கள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுவா?" என்றீர்கள். உங்களோடு வந்திருந்த அம்மாவிடம் திரும்பி, "மூக்கும் முயியும் பாரு. மருந்து வெக்காம இது பின்னால எவன் போவான்?" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவும் பட்டது. கண்ணாடி முன்னால் நின்றால் எனக்கும் அதே கேள்விதான் வரும், அத்தை.

மருந்து வைப்பது என்றால் பாப்பாவுக்குப் புரியாது. தின்கிற பொருளில் எதையாவது கலந்தோ, அதன்மேல் எதையாவது ஓதியோ கொடுத்து ஆளைத் தன்வசப்படுத்திக்கொள்வது. உள்ளே போனது வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். அதை வெளியே எடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பொரியைக் கம்பெனி முழுக்கத்தான் சாப்பிட்டது, மேனேஜர் சாப்பிட்டார், வாட்ச்மேன் இரண்டு தடவை வாங்கினார், அவர்கள் யாரும் என் பின்னால் வரவில்லையே என்று உங்கள் மகன் கேட்டதற்கு, "ஓதுனது ஒர்த்தனுக்குத்தான். மத்தவனுக்கு அது வெறும் பொரி" என்று சொல்லி அவர் வாயை அடைத்தீர்கள். ரயிலேற்றித் திருவள்ளூர் தாண்டி ஒரு ஊருக்குக் கூட்டிப் போனீர்கள்.

அம்பத்தூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அவர் அந்தக் கதையைச் சொன்னார். வெறும் வயிற்றில் பச்சிலைச் சாறு. குடம் குடமாக வெந்நீர். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. அந்த ஆள் சாம்பலைத் தூவி, குச்சியால் கிளறி, புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்துக் காட்டினானாம். நீங்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்களாம்.

"அது மொத நாளு துன்ன கருவேப்பில. எங்கம்மா மனசு ஆறட்டும்னுதான் போனேன்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். "மருந்த எட்த்தாச்சு. அப்பவும் நீதான் வோணும்னு குந்திகினு கீறேன் பாரு. இதுக்கு மேல இன்னா சொல்லணும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் வயிற்றிலிருந்து என்னைத் தோண்டி எடுத்துச் சாம்பலில் புரட்டிக் காட்டியிருக்கிறார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது.

மறுநாள் மேனேஜர் அறையில் இருந்த தடித்த அகராதியை எடுத்து வந்து வைத்துக்கொண்டேன். என்மேல் சுமத்தப்பட்டதற்கு ஆங்கிலத்தில் என்ன பேர் என்று தெரியவேண்டும். டைப்பிஸ்ட் புத்தி, எதுவானாலும் எழுத்தில் பார்த்தால்தான் நம்பும். மயக்குவதற்கு அவர்களிடம் நிறையச் சொற்கள் இருந்தன. பிடித்துக் கட்டி வைப்பதிலிருந்து வந்தது ஒன்று. அடிமையாக்குவதிலிருந்து வந்தது ஒன்று. கண்ணேறு போடுவதிலிருந்து வந்ததும் ஒன்று இருந்தது. இவை எதுவும் என் வழக்குக்குப் பொருந்தவில்லை. கடைசியில் என்சான்ட் என்ற சொல்லுக்கு வந்தேன். மந்திரத்தால் கட்டு, வசியப்படுத்து, பரவசப்படுத்து என்று அர்த்தம் போட்டு, அது பிறந்த கதையைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல்லாம். 'இன்' என்றால் உள்ளே, மேலே. 'கான்டாரே' என்றால் பாடு. ஒரு ஆள்மேலோ பொருள்மேலோ பாடுவது. பாட்டை ஒருவருக்குள் இறக்குவது.

கான்டாரே எனக்குப் புதிதல்ல. அப்பாவின் பழைய லத்தீன் பாட்டுப் புத்தகத்தில் அதன் ஒன்றுவிட்ட சொந்தங்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தைத் திருப்பி 'சார்ம்' என்ற சொல்லைப் பார்த்தேன். அதுவும் லத்தீனில் பாட்டுதான். வெள்ளைக்காரனுக்கு மயக்கம் என்றாலே பாட்டுதான் போலிருக்கிறது. முதலில் மந்திரம் ஓதிக் கட்டிப்போடுவதற்கு மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிறகு அழகாயிருப்பதற்கு, இனிமையாயிருப்பதற்கு எல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள் என்று போட்டிருந்தது. நாள்பட நாள்பட விஷம் இறங்கிப்போய்ப் பவுடர் டப்பா வரைக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு அகராதியை மூடும்போது எனக்குப் பயமாக இருந்தது. எஸ்டேட்டில் போல்ட்டு பொறுக்குகிற ஒரு அம்மா என்மேல் சொன்ன புகார் அப்படியே அதில் அச்சாகியிருந்தது.

ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. உங்களுக்கு அவர் ஒரே பிள்ளை. வேறு போக்கிடம் கிடையாது. என்னோடு ஒரே வீட்டில் இருக்கச் சம்மதித்தீர்கள். என் கையால் சாப்பிட மட்டும் சம்மதிக்கவில்லை. பின்கட்டில் உங்களுக்கென்று தனியாக ஒரு திரி ஸ்டவ். உங்கள் அரிசி, உங்கள் பருப்பு, உங்கள் உப்பு ஜாடி. நான் எழுந்திருக்குமுன் அடிகுழாயில் தண்ணீர் அடித்து உங்கள் குடத்தை மூடி வைத்துவிடுவீர்கள். அக்கம்பக்கத்தில் மாமியாருக்கு மருமகள் சோறு போடுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள். நீங்கள் அவர்களைத் திருத்தினீர்கள். "அது போடத்தான் கூப்புடுது. நான்தான் துன்னல. எனக்கு உசுரு மேல ஆச கீது" என்று சொன்னீர்கள். பொய் சொல்லத் தெரியாது உங்களுக்கு. அதை நான் எப்போதும் மெச்சியிருக்கிறேன்.

பாப்பா பிறந்தாள். தாலாட்டுப் பாட வாயெடுத்தேன். "தோ, வாணாம். அப்பன மயக்குனது போதும்" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டீர்கள். அவளுக்குச் சீர் தட்டிப் பால் கக்கினால் பொழுது சாயும் நேரத்தில் மசூதி வாசலுக்குத் தூக்கிப் போவீர்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி, நெற்றியில் ஊதிவிடுவார்கள். "அவங்க ஓதினா நல்லது, நான் பாடினா கெட்டதாத்தே?" என்று ஒருமுறை கேட்டேன். "அவங்க புள்ளைக்குத்தான் ஊதுறாங்க. அவங்களுக்காவ ஊதிக்கல" என்றீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்டு இல்லை. முறத்தில் உங்கள் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். விசிறிக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்ல மனநிலையில் இருந்தீர்கள் போல. "ஏம்மே, நீ பட்ச்சவதானே. மருந்து வெக்கறதுக்கு இங்கிலீசுல இன்னா பேரு?" என்று கேட்டீர்கள். நானும் வெகுளியாக அகராதியில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா? குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஆதாரம் எடுத்துக் கொடுத்தேன்.

முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டீர்கள். "பாத்தியா! கெயவி பொலம்பறான்னு சொன்னீங்களே. வெள்ளக்காரன் பொஸ்தகத்துலயே எயுதி வெச்சிகீறான்!"

அன்று சாயங்காலத்துக்குள் குழாயடி முழுக்கச் செய்தி போய்விட்டது. "எம்மருமவளே ஒத்துகினா. இங்கிலீசுலயும் பாட்டுதானாம்." அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பெண் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து, தன் புருஷன் குடியை நிறுத்த அதன்மேல் ஏதாவது பாடித் தரச்சொல்லி என் கையைப் பிடித்தாள். எனக்கு அப்படியெல்லாம் தெரியாது என்று நான் சொல்ல, உங்களுக்குத்தான் அவள்மேல் இரக்கம். "அதும் பாட்டு அவ்ளோ சுளுவா வராது. அதுக்கு வோணும்னா மட்டும்தான் பாடும்" என்று சமாதானம் சொல்லி அனுப்பினீர்கள். அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் நான் வீட்டில் வாயைத் திறந்து பாடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது முனகக்கூட மாட்டேன்.

கம்பெனியைப் பூட்டிய பிறகு எனக்கு வேறு ஆபீசில் வேலை கிடைத்தது. உங்கள் மகனுக்குப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு பட்டறையில் கிடைத்தது. ஷிப்டு என்றார். ஓவர்டைம் என்றார். பிறகு எதுவும் சொல்லாமல் வராமலிருந்தார். ஒரு நாள் காலையில் வந்து, காட்டுப்பாக்கத்தில் ஒரு பெண்ணோடு இருப்பதாகச் சொன்னார். மறைத்துப் பேசுகிற ஆள் இல்லை அவரும், உங்கள் ரத்தம்தானே. "எனக்கே இன்னான்னு தெரில. உம்மேல கோவம் இல்ல. அங்க போனா மனசு லேசா கீது" என்றார். நான் அவருடைய சட்டைகளை மடித்துக் கொடுத்தேன். ஒன்றில் பித்தான் விட்டிருந்தது. அதைத் தைத்தும் கொடுத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கை செய்தது. மனசு அங்கே இல்லை.

கத்தியது நீங்கள்தான். தெரு வரைக்கும் பின்னால் ஓடி, மண்ணை வாரித் தூற்றினீர்கள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, "மருந்து வெச்சிட்டா. எவளோ மருந்து வெச்சிட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். மருந்து வைத்தவள் என்று பேர் வாங்க எனக்கு இப்போது ஒரு ஜோடி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் ஒன்றும் நினைக்கத் தோன்றவில்லை. சொந்தக்காரர்கள் வந்து, அழுதுவிடு, அழுதால் பாரம் குறையும் என்றார்கள். பாரம் இருந்தால்தானே குறைவதற்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் பாடும்போது என் உதடு மட்டும் அசைந்தது.

மருந்தெடுக்கத் திருவள்ளூருக்கு வரமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். நீங்கள் அதோடு விடுகிறவர் இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அரை நாள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். தாம்பாளம் நிறையப் பொரி கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். கடலை, வெல்லம் எல்லாம் பதமாகக் கலந்திருந்தது.

"இன்னாத்தே இது?" என்றேன். எனக்கும் உங்கள் பேச்சு தொற்றிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு வெச்ச இல்ல, அதயே இன்னொரு தபா வெய்யி."

"நான் அன்னைக்கு எதுவும் வைக்கலை அத்தை."

"தோ பாரு, நான் சண்ட போட வரல. இப்ப பொய் சொல்ற நேரமா? அப்ப நீ வெச்சது தப்பு. இப்ப வெச்சா தப்பில்ல, நானே சொல்றேன். எனக்கு எம்புள்ள வோணும். பாப்பாவுக்கு அப்பன் வோணும். நீ பாடு, நான் இட்டுகினு போயி அவன் கையில குடுக்கறேன்."

"அதுல ஒண்ணும் இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"வெள்ளக்காரன் பொஸ்தகத்துல கீதுன்னு நீதானமே சொன்ன?"

பாடாவிட்டால், புருஷன் திரும்பி வருவதில் எனக்கு விருப்பமில்லை என்று ஆகிவிடும். பாடினால், ஆதியில் மருந்து வைத்தது நான்தான் என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். இதை நீங்கள் யோசித்துச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தலைமயிர் கலைந்து, கண்ணெல்லாம் வீங்கி, என் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். என்னைக் கண்டு பயந்த நீங்கள் என்னைக் கும்பிட்டீர்கள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. தாம்பாளத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தனியாகப் பாடி எத்தனையோ வருஷம். குரல் துருப்பிடித்திருந்தது. நடுவில் ஒரு அடி மறந்துபோய், முதலடிக்கே திரும்பி வந்து மறுபடி ஆரம்பித்தேன். நீங்கள் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தீர்கள். முடிந்ததும் கண்ணைத் திறந்து, "அவ்ளோதானா?" என்றீர்கள்.

"அவ்வளவுதான்."

"அன்னிக்கும் இதானா?"

"இதேதான்."

நம்பாமல்தான் பார்த்தீர்கள். பொரியைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு, பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து காட்டுப்பாக்கம் வழியாகப் போரூர் போகிற பஸ் என்று புறப்பட்டுப் போனீர்கள்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீங்கள் போன பிறகு நான் முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டேன். பாப்பாவுக்குத் தலை வாரிவிட்டேன். இருக்கிற பாலில் இன்னொரு டம்ளர் காபிக்கு வருமா என்று பார்த்தேன். அந்த ஒரு மத்தியானம் முழுக்க நானும் நம்பினேன், அத்தை. இல்லவே இல்லை என்று வருஷக்கணக்காக நான் மறுத்த ஒன்று, மாதாவே, இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நீங்கள் மட்டும் வந்தீர்கள். கால் கழுவிக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள். பொரி முழுக்க அவர் நின்றபடியே தின்றாராம். அந்தப் பெண்ணும் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நல்லா கீது, எங்க வாங்கினது என்று கேட்டாளாம். பாப்பா நன்றாகப் படிக்கிறாளா என்று இவர் விசாரித்தாராம். பிறகு உங்களை பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் குந்தும்மா என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டாராம். திரும்பிப் பார்க்கவில்லையாம்.

பிறகு என்னைப் பார்த்து, "உம்பாட்டுல ஒண்ணியும் இல்லடி" என்றீர்கள்.

நான் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த தீர்ப்பு அது. நான் மயக்கவில்லை, எதையும் வைக்கவில்லை, ஓதவில்லை என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். அவர் இனி வரமாட்டார் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருந்தது. சந்தோஷப்படுவதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

"அப்போ உம்பின்னால சும்மாத்தான் வந்தானா?" என்று கேட்டீர்கள்.

"சும்மாதான் வந்தார்."

"சும்மாத்தான் போய்ட்டானா?"

"ஆமாம் அத்தை."

தலையை ஆட்டிக்கொண்டீர்கள். அன்று உங்கள் ஸ்டவ்வை நீங்கள் பற்றவைக்கவில்லை. நான் உள்ளே போகத் திரும்பியபோது பின்னாலிருந்து, "சோறு கீதா?" என்று கேட்டீர்கள்.

போட்டேன். ரசம் ஊற்றினேன். பிசைந்து ஒரு வாய் வைத்தீர்கள். சாப்பிட்டுவிட்டு, தட்டை மறுபடி நீட்டினீர்கள். "நாளிக்கி கொஞ்சம் கொயய வடி. பல்லு இல்ல எனக்கு" என்றீர்கள். என் வீட்டில் நான் வடித்த சோற்றைப் பற்றி நீங்கள் சொன்ன முதல் குறை அது.

அதற்குப் பிறகு இருந்த காலமெல்லாம் என் கைச்சோறுதான். நானும் நீங்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டுவிட்டோம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். போட்டதைச் சாப்பிட்டீர்கள், உப்பு போதவில்லை என்றால் ஏசினீர்கள். சில சாயங்காலங்களில் உங்கள் காலுக்குத் தைலம் தேய்க்கும்போது, "பாடேன், அதான் ஒண்ணியும் இல்லன்னு தெரிஞ்சிபோச்சே" என்பீர்கள். பாடுவேன். பாதியில் குறட்டை விடுவீர்கள்.

நீங்கள் போன அன்று அவர் வந்தார். செய்யவேண்டியதெல்லாம் ஒழுங்காகச் செய்தார். வாய்க்கரிசி போடும்போது, வேதக்காரப் பெண் போடலாமா என்று உங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். எல்லோரும் உங்கள் மகன் முகத்தைப் பார்த்தார்கள். "போடட்டும். அது கை சோத்ததான் எங்கம்மா துன்னுச்சு" என்றார். என் உள்ளங்கையில் அரிசியைக் கொட்டினார்கள்.

வேகாத அரிசி, அத்தை. பல்லில்லாத உங்கள் வாயில் வேகாத அரிசியைப் போட்டேன். சுற்றி நின்றவர்கள் ஓவென்று அழுதார்கள். எனக்கு, இது வேகவில்லையே என்று மட்டும்தான் தோன்றியது. அதற்கப்புறம் இன்றுவரை வேறெதுவும் தோன்றவில்லை.

இப்போதும் குழையத்தான் வடிக்கிறேன். எனக்குச் சோறு உதிரி உதிரியாக இருந்தால்தான் இறங்கும். பாப்பாவுக்கும் அப்படித்தான். "ஆயாதான் இல்லியேம்மா, அப்பால எதுக்குக் கொய கொயன்னு வடிக்கற?" என்று தட்டைத் தள்ளிவிடுகிறாள். நாளைக்கு உதிரியாக வடிக்கிறேன் என்று இன்றைக்கு அவளிடம் சொல்லியிருக்கிறேன். நேற்றும் அதைத்தான் சொன்னேன்.